எலெக்ட்ரானுக்காக அசையும் புரதம்

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருக்கும் சேர்பொருள் பட்டியலைப் படித்தால், பல பாக்கெட்டுகளில் 223 என்ற எண் கண்ணில் படும். சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டுக்கான குறியீடு அது. தண்ணீரில் கரைந்ததும் சல்ஃபைட்டைத் தரும் உப்பு. கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தேய்த்த மாவு மறுபடி சுருங்கிக்கொள்வதற்கு அந்தப் பின்னல்தான் காரணம். பின்னலைத் தாங்கி நிற்பவை ஒரு கந்தக அணுவுக்கும் இன்னொரு கந்தக அணுவுக்கும் இடையிலான பிணைப்புகள். சல்ஃபைட் அவற்றை வெட்டிவிடுகிறது. மாவு தளர்கிறது, தேய்த்தது தேய்த்தபடியே கிடக்கிறது, பிஸ்கட் அச்சில் வெட்டிய வடிவத்திலேயே வெந்து வருகிறது. உலர்பழங்கள் கறுக்காமல் இருக்கவும், ஒயின் கெடாமல் இருக்கவும், நம் ஊர்ச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றைத் தெளிவாக்கி வெளுக்கவும் பயன்படுவது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்தான்.

பிஸ்கட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நம் உடம்பு தனக்குள்ளேயே அதைவிடப் பல மடங்கு சல்ஃபைட்டை அன்றாடம் உண்டாக்குகிறது. பருப்பு, முட்டை, மீன் என எதைச் சாப்பிட்டாலும் அதன் புரதத்தில் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் இருக்கும். இரண்டிலும் கந்தகம் உண்டு. உடல் தன் தேவைக்கு எடுத்தது போக மிஞ்சியதைச் சிதைக்கும்போது அந்தக் கந்தகம் சல்ஃபைட்டாக வெளிவருகிறது. மாவில் குளூட்டனை வெட்டிய அதே வேதிவினையை அது நம் புரதங்களிலும் செய்யக்கூடியது. அப்படியிருந்தும் ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் சல்ஃபைட்டைத் தேடினால் மிகச் சொற்பமாகத்தான் அகப்படும். உண்டான வேகத்திலேயே அது சல்ஃபேட்டாக மாற்றப்பட்டுவிடுகிறது. சல்ஃபேட் தீங்கற்றது, பயனுள்ளதும்கூட. மூட்டுகளின் குருத்தெலும்பைக் கட்டுவதற்கும், காய்ச்சலுக்கு விழுங்கிய பாராசிட்டமாலைக் கழித்து அனுப்புவதற்கும் ஈரலும் பிற உறுப்புகளும் அதைப் பயன்படுத்துகின்றன. எஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

இந்த மாற்றத்தைச் செய்யும் நொதியின் பெயர் சல்ஃபைட் ஆக்சிடேஸ். பெயரிலேயே ஆக்சிஜனேற்றம் இருப்பதால் காற்றிலிருந்து நாம் இழுக்கும் ஆக்சிஜனைத்தான் அது சல்ஃபைட்டில் ஒட்டுகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் சல்ஃபேட்டில் புதிதாகச் சேரும் நான்காவது ஆக்சிஜன் அணு தண்ணீரிலிருந்து வருகிறது. ஒரு சல்ஃபைட், ஒரு தண்ணீர் மூலக்கூறு. முடிவில் ஒரு சல்ஃபேட், இரண்டு புரோட்டான்கள், இரண்டு எலெக்ட்ரான்கள். கணக்கு இவ்வளவுதான். இதில் என்னை வியக்க வைப்பது அந்த இரண்டு எலெக்ட்ரான்களின் பயணம்.

முதலில் நொதி இருக்கும் இடம். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளிச்சவ்வு, உள்சவ்வு என இரண்டு உறைகள் உண்டு. அவற்றுக்கு இடைப்பட்ட குறுகிய வெளியில் சல்ஃபைட் ஆக்சிடேஸ் வேலை செய்கிறது. அதே வெளியில்தான் சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதமும் உலவுகிறது. சுவாசச் சங்கிலியில் எலெக்ட்ரானை வாங்கி அடுத்த இடத்தில் சேர்ப்பது அதன் வேலை. சல்ஃபைட் ஆக்சிடேஸ் தன் எலெக்ட்ரான்களை அதனிடம் ஒப்படைக்கிறது. அது அவற்றைச் சங்கிலியின் கடைசி நொதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் அங்கே அவற்றை ஏற்றுத் தண்ணீராகிறது. அந்தக் கடைசி நொதி புரோட்டான்களை வெளியேற்றுவதால் ஒரு நச்சைக் கழித்த கையோடு கொஞ்சம் ஆற்றலும் மிச்சமாகிறது.

சிக்கல் எங்கே என்றால், சல்ஃபைட் தன் இரண்டு எலெக்ட்ரான்களையும் ஒரே வேளையில் தருகிறது. சைட்டோகுரோம் சி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்கும். நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவருக்கும் ஐம்பது ரூபாய் மட்டுமே வாங்கிக்கொள்கிறவருக்கும் நடுவில் சில்லறை மாற்றித் தர ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் அமர்ந்திருப்பது மாலிப்டினம் என்ற உலோகம்.

தனிம அட்டவணையில் 42-வது தனிமம் மாலிப்டினம். இரும்பு, தாமிரம், துத்தநாகம் எல்லாம் உடலுக்குத் தேவை என்பது பலருக்கும் தெரியும். அவற்றுக்கு ஒரு வரிசை கீழே இருக்கும் இடைநிலை உலோகங்களில் மனித உடலுக்கு இன்றியமையாதது இது ஒன்றுதான். இதை நம்பியிருக்கும் நொதிகள் நம் உடலில் வெறும் நான்கு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மைக்ரோகிராம் போதும் என்று அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை சொல்கிறது. பருப்பும் பயறும் உண்பவர்களுக்கு அது எளிதில் கிடைத்துவிடும்.

மாலிப்டினம் அணு தனியாக வந்து புரதத்தில் உட்காருவதில்லை. மாலிப்டாப்டெரின் என்ற கரிம மூலக்கூறு தன் இரண்டு கந்தக அணுக்களால் அதைப் பிடித்திருக்கிறது. புரதத்தின் ஒரு சிஸ்டீன் மூன்றாவது கந்தகத்தை நீட்டுகிறது. கந்தகத்தைக் கையாள வேண்டிய உலோகத்தைக் கந்தகமே தாங்கி நிற்கிறது! மீதமுள்ள இரண்டு பக்கங்களில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். வேலைக்குத் தயாரான நிலையில் மாலிப்டினம் ஆறு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கும். சல்ஃபைட் வந்து அந்த ஆக்சிஜன்களில் ஒன்றைத் தன் கந்தகத்தோடு இணைத்துக்கொண்டு சல்ஃபேட்டாகப் புறப்பட்டுப் போகிறது. போகும்போது இரண்டு எலெக்ட்ரான்களை மாலிப்டினத்திடம் விட்டுச் செல்கிறது. ஆறு நான்காகிறது. காலியான இடத்தைத் தண்ணீரின் ஆக்சிஜன் நிரப்புகிறது.

இனி ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அதே நொதியில், சற்றுத் தள்ளி, ஹீம் என்ற இரும்பு வளையம் ஒன்று உண்டு. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் இந்த வளையம்தான். மாலிப்டினம் முதலில் ஒரு எலெக்ட்ரானை ஹீமுக்குத் தருகிறது. ஹீமிடமிருந்து அதை ஒரு சைட்டோகுரோம் சி வாங்கிக்கொண்டு போகிறது. மாலிப்டினம் இப்போது ஐந்து நிலையில், கையில் ஒரே ஒரு எலெக்ட்ரானுடன் இருக்கிறது. பிறகு இரண்டாவதும் ஹீமுக்குப் போக, இன்னொரு சைட்டோகுரோம் சி வந்து அதையும் வாங்கிப் போகிறது. மாலிப்டினம் மறுபடி ஆறு. அடுத்த சல்ஃபைட்டுக்கு இடம் தயார்.

இடையில் வரும் அந்த ஐந்து நிலைக்கு ஆராய்ச்சியாளர்கள் கடன்பட்டவர்கள். இணையில்லாத ஒற்றை எலெக்ட்ரான் இருப்பதால் அந்த நிலை காந்தப் புலத்துக்குள் தனக்கேயுரிய சைகை ஒன்றைத் தரும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் 1950-களிலேயே பிலிப் ஹேண்ட்லரும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் ஈரலில் நடக்கும் சல்ஃபைட் ஆக்சிஜனேற்றத்தை ஆராயத் தொடங்கியிருந்தார்கள். 1971-ல் ஹார்வி கோஹன், ஃப்ரிடோவிச், கே. வி. ராஜகோபாலன் மூவரும் ஈரல் நொதியில் சல்ஃபைட்டைச் சேர்த்து மாலிப்டினத்தின் அந்தச் சைகையைக் கண்டார்கள். நொதியின் மையத்தில் இருக்கும் உலோகம் எது என்பது உறுதியானது.

ராஜகோபாலன் குழு அதோடு நிற்கவில்லை. தனிம அட்டவணையில் மாலிப்டினத்துக்கு நேர் கீழே இருப்பது டங்ஸ்டன். இரண்டும் வேதிக்குணத்தில் நெருங்கியவை. மாலிப்டினம் குறைந்த தீவனத்தோடு எலிகளுக்கு டங்ஸ்டனைக் கொடுத்தபோது அவற்றின் ஈரலில் இந்த நொதியின் செயல்பாடு அற்றுப்போனது. வெளிப்பார்வைக்கு அந்த எலிகள் நலமாகவே இருந்தன. ஆனால் சல்ஃபைட்டை ஊசி மூலம் ஏற்றியபோதும், கந்தக டை ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்க வைத்தபோதும், மற்ற எலிகளைவிட மிக எளிதில் மடிந்தன. இந்த நொதியால் உடலுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைத்திருக்க முடியாது.

நொதி இருக்கிறது, உலோகங்கள் தெரியும், எலெக்ட்ரான் போகும் வரிசையும் தெரியும். நொதியின் வடிவம்தான் தெரியாமல் இருந்தது. 1997-ல் கோழி ஈரலிலிருந்து எடுத்த சல்ஃபைட் ஆக்சிடேஸின் முப்பரிமாண வடிவம் வெளியானது. கரோலின் கிஸ்கர், ஹெர்மன் ஷிண்டலின், டக்ளஸ் ரீஸ் ஆகியோர் ராஜகோபாலன், ஜான் எனிமார்க் குழுக்களோடு சேர்ந்து, நொதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கண்ட வடிவம் அது. ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைப் புரதம். ஒவ்வொன்றிலும் நடுவே மாலிப்டினம் பதிந்த பெரிய பகுதி. ஓரத்தில் ஹீமைச் சுமக்கும் சிறிய பகுதி. இரண்டையும் இணைக்கும், பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்களே கொண்ட மெல்லிய இழை. அழகான வடிவம்தான், ஆனால் ஒரு தூரம் இடித்தது. மாலிப்டினத்துக்கும் ஹீமின் இரும்புக்கும் இடையே 32 ஆங்ஸ்ட்ராம்.

ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. 32 என்றாலும் நமக்கு அது ஒன்றுமே இல்லை. எலெக்ட்ரானுக்கோ அது கடக்க முடியாத தொலைவு. புரதத்துக்குள் எலெக்ட்ரான் செல்லக் கம்பி கிடையாது. குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் ஊடுருவலால், இடையில் எங்கும் தங்காமல் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். தூரம் கூடக்கூட அதற்கான வாய்ப்பு படுவேகமாகச் சரியும். புரதங்களில் இடைவெளி சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடினால் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். 17 ஆங்ஸ்ட்ராம் கூடினால் ஆயிரம் கோடியில் ஒன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லெஸ்லி டட்டனும் கிறிஸ்டோபர் மோசரும் தெரிந்த புரத வடிவங்களை எல்லாம் அலசி 1999-ல் ஒரு வரம்பைக் காட்டினார்கள்: எலெக்ட்ரானைக் கைமாற்றும் மையங்கள் பெரும்பாலும் விளிம்புக்கு விளிம்பு 14 ஆங்ஸ்ட்ராமுக்குள்தான் அமைந்திருக்கின்றன.

இதே கோழி ஈரல் நொதியில் மாலிப்டினத்துக்கும் ஹீமுக்கும் இடையே எலெக்ட்ரான் நொடிக்கு ஆயிரம் தடவைக்கும் மேல் தாவக்கூடிய வேகம் ஏற்கெனவே அளக்கப்பட்டிருந்தது. படிகம் காட்டும் தூரத்தில் அந்த வேகம் சாத்தியமில்லை. இரண்டு அளவீடுகளும் கவனமாகச் செய்தவை. இரண்டும் சரி என்றால் மீதமிருக்கும் விளக்கம் ஒன்றுதான்: படிகத்தில் உறைந்திருப்பது நொதி வேலை செய்யும் தோரணை இல்லை. கரைசலில் ஹீம் பகுதி அசைகிறது. மெல்லிய இழையைப் பிடித்தபடி மாலிப்டினத்தை நெருங்கி எலெக்ட்ரானை வாங்குகிறது, விலகி வந்து சைட்டோகுரோம் சி-யிடம் கொடுக்கிறது.

இதை எப்படிச் சோதிப்பது? அரிசோனா பல்கலைக்கழகத்தில் எனிமார்க்கும் கார்டன் டோலினும் கையாண்ட முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒளி புகும் சிறு கண்ணாடிக் குப்பியில் நொதியின் கரைசல் இருக்கிறது. ரிபோஃபிளேவினின் உறவுக்காரச் சாயம் ஒன்றும் அதில் கலந்திருக்கிறது. லேசர் ஒளியை ஒரு கணம் பாய்ச்சினால் அந்தச் சாயம் எலெக்ட்ரானைத் தரத் துடிக்கும் நிலையை அடைந்து, ஹீமுக்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. எலெக்ட்ரானைப் பெற்ற ஹீமின் நிறம் மாறும். சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தில் கருவி அதைப் பதிவு செய்கிறது. கோடு சட்டென்று மேலேறுகிறது. அடுத்த சில மில்லிநொடிகளில் மெல்லக் கீழே சரிகிறது. அந்தச் சரிவுதான் தேடும் விடை: எலெக்ட்ரான் ஹீமை விட்டு மாலிப்டினத்துக்குத் தாவுகிறது. இயல்பான பாதைக்கு இது எதிர்த்திசை. இருந்தாலும் பாதை ஒன்றுதான், ஆகவே சரிவின் வேகத்திலிருந்து கைமாற்றத்தின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இனி அவர்கள் செய்தது மிக எளிமையான காரியம். கரைசலில் சர்க்கரையைக் கரைத்தார்கள். எலெக்ட்ரான் மட்டுமே தாவுகிறது, புரதம் அசையவில்லை என்றால் சுற்றியிருக்கும் நீர் பாகாகக் கெட்டியானாலும் பெரிதாக ஒன்றும் மாறக்கூடாது. புரதத்தின் ஒரு பகுதி நீரைத் தள்ளிக்கொண்டு நகர வேண்டும் என்றால் கெட்டியான கரைசல் அதைத் தடுக்கும். 2002-ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. கரைசல் கெட்டியாகக் கெட்டியாகக் கைமாற்றம் மந்தமானது. பின்னர் மனித நொதியின் இணைப்பு இழையில் சில அமினோ அமிலங்களை நீக்கிக் குட்டையாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் வேகம் குறைந்தது. எக்ஸ் கதிருக்கும் எட்டாத ஓர் அசைவைச் சர்க்கரைக் கரைசல் காட்டிக்கொடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஹீம் பகுதி எங்கே போக வேண்டும் என்பதை எது சொல்கிறது? மின்னூட்டம். ஹீம் பகுதியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுதி. மாலிப்டினம் இருக்கும் குழியைச் சுற்றி நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள். எதிர்மின்னூட்டம் கொண்ட சல்ஃபைட்டை உள்ளே இழுப்பதும் அவைதான், ஹீம் பகுதியை அருகில் இழுப்பதும் அவைதான். சைட்டோகுரோம் சி-யும் நேர்மின்னூட்டம் நிறைந்த புரதம். ஆகவே ஹீம் பகுதிக்கு இரண்டு பக்கமும் ஈர்ப்பு உண்டு, எதிலும் நிலையாக ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. கரைசலில் சல்ஃபேட்டோ குளோரைடோ அதிகமானால் அவை குழியின் நேர்மின்னூட்டத்தை மறைத்து, கைமாற்றத்தை மந்தமாக்குகின்றன.

அசைவதுதான் உயர்ந்த ஏற்பாடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஸ்டார்க்கியா நோவெல்லா என்ற பாக்டீரியாவிலும் இதற்கு உறவான நொதி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உல்ரிகே காப்ளர் அதை ஆராய்ந்தார். அதில் மாலிப்டினமும் ஹீமின் இரும்பும் சுமார் 17 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் அசையாமல் பொருந்தி நிற்கின்றன. வேலையும் குறைவின்றி நடக்கிறது. தாவரங்களிலோ ஹீமே கிடையாது. அங்கே நொதி இருப்பது பெராக்சிசோம் என்ற வேறு அறையில். எலெக்ட்ரான்களை நேராக ஆக்சிஜனிடம் தந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிவிடுகிறது. ஒரே மாலிப்டினம், ஒரே சல்ஃபைட். எலெக்ட்ரானை வழியனுப்ப மூன்று ஏற்பாடுகள்.

மனிதரில் இந்த ஏற்பாடு பழுதானால் என்ன ஆகும் என்பது 1967-ல் தெரியவந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹார்வி மட் குழுவினர் ஆராய்ந்த ஓர் ஆண் குழந்தைக்குப் பிறந்தது முதலே கடுமையான நரம்புக் கோளாறு இருந்தது. கண்களின் வில்லைகளும் இடம் பெயர்ந்திருந்தன. சிறுநீரில் சல்ஃபேட் ஏறக்குறைய இல்லை. இருக்கக்கூடாத சல்ஃபைட்டும் எஸ்-சல்ஃபோசிஸ்டீனும் இருந்தன. குழந்தை இறந்த பிறகு ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றின் திசுக்களில் தேடியபோது நொதியின் செயல்பாடு எதிலுமே இல்லை. எஸ்-சல்ஃபோசிஸ்டீன் என்பது, சிஸ்டீன் இணையின் கந்தகப் பிணைப்பைச் சல்ஃபைட் வெட்டும்போது உண்டாவது. பிஸ்கட் மாவில் நடந்த அதே வெட்டு. அந்த மூலக்கூறு மூளையில் செய்தி கடத்தும் குளூட்டமேட்டை ஒத்த வடிவம் கொண்டது. நரம்புச் செல்களின் ஏற்பிகளை ஓயாமல் தூண்டி, கால்சியத்தை உள்ளே பாயவிட்டு, அவற்றைச் சாகடிக்கிறது.

1998-ல் இன்னொரு குழந்தையின் நொதியில் ஒரே ஓர் எழுத்துப் பிழை அடையாளம் காணப்பட்டது. 160-வது இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினினுக்குப் பதில் குளூட்டமின். மாலிப்டினக் குழியின் ஓரத்தில் நேர்மின்னூட்டத்தோடு நிற்பது அந்த ஆர்ஜினின். அது போனால் சல்ஃபைட் சரியாகப் பிடிபடுவதில்லை. எலெக்ட்ரான் ஹீமுக்குத் தாவும் வேகமும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. இரண்டு உலோகங்களும் இருக்கின்றன, இழையும் இருக்கிறது. கைமாற்றம் மட்டும் உரிய வேகத்தில் நடப்பதில்லை. அந்தக் குழந்தையின் நோய்க்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாலிப்டாப்டெரினையே உடல் செய்ய முடியாமல் போவது இன்னொரு வகை. விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். 2008-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இந்தக் குறையோடு பிறந்த பெண் குழந்தை ஒன்றுக்கு, ஜெர்மனியில் குந்தர் ஷ்வார்ஸ் பாக்டீரியாவில் தயாரித்து வந்த, மாலிப்டாப்டெரினின் முன்னோடி மூலக்கூறை முதன்முதலாக ஊசி வழியாகக் கொடுத்தார்கள். அதுவரை விலங்குகளில் மட்டுமே சோதித்த பொருள். சில நாட்களிலேயே சல்ஃபைட் அளவு இறங்கியது, வலிப்பும் குறைந்தது. ஃபாஸ்டெனாப்டெரின் என்ற பெயரில் 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. உதவுவது 'வகை ஏ' என்ற பிரிவுக்கு மட்டும். சல்ஃபைட் ஆக்சிடேஸின் மரபணுவே பழுதானவர்களுக்கு அதனால் பயனில்லை.

கருவில் இருக்கும்வரை தாயின் உடல் குழந்தையின் சல்ஃபைட்டையும் கழித்துவிடுகிறது. தொப்புள்கொடி அறுந்த சில நாட்களில் பால் குடிக்க மறுப்பதும் அடங்காத வலிப்பும் தொடங்குகின்றன. மூச்சுத்திணறலால் வந்த மூளைப் பாதிப்பு என்று இதைத் தவறாக எண்ண இடமுண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இதன் சாத்தியம் கூடுதல். வலிப்புக்குக் காரணம் தெரியாத பச்சிளங்குழந்தைக்குச் சல்ஃபைட்டைக் கண்டறியும் சோதனைப் பட்டையை (ஸ்ட்ரிப்) சிறுநீரில் தோய்த்துப் பார்க்கலாம். சிறுநீர் அப்போதே பிடித்ததாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் காற்றே சல்ஃபைட்டை ஆக்சிஜனேற்றிவிடும், ஸ்ட்ரிப் ஒன்றும் இல்லை என்று காட்டும். எஸ்-சல்ஃபோசிஸ்டீன் சோதனை அதைவிட நம்பகமானது. கூடவே யூரிக் அமிலத்தையும் பார்த்துவிட வேண்டும். யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதிக்கும் மாலிப்டாப்டெரின் தேவை என்பதால், அது மிகக் குறைந்திருந்தால் பழுது மாலிப்டாப்டெரினில். இயல்பாக இருந்தால் சல்ஃபைட் ஆக்சிடேஸில். பழுது மாலிப்டாப்டெரினில் என்றாகி, மரபணுச் சோதனையில் வகை ஏ என்றும் உறுதியாகிவிட்டால், அதே பெற்றோருக்கு அடுத்துப் பிறக்கும் குழந்தையைக் கருவிலேயே சோதித்து, தேவைப்பட்டால் பிறந்த நாளிலேயே மருந்தைத் தொடங்கலாம்.